பாறையில் முளைத்த நூடுல்ஸ்

ஸ்பெயினில் ரோசஸ் என்ற கடற்கரை ஊரைத் தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து போனால் காலா மொன்ட்ஜோய் என்றொரு சின்ன வளைகுடா. எல் புல்லி உணவகம் அங்கேதான் இருந்தது. 2011 ஜூலையில் கதவைச் சாத்திவிட்டார்கள். அதன் தலைமைச் சமையல்காரர் ஃபெரான் அட்ரியா மேசைக்கு அனுப்பிய தட்டுகளில் ஒன்று இது: ஒற்றை ஸ்பகெட்டி இழை, இரண்டு மீட்டர் நீளம், சுருட்டி வைத்தது. மாவு இல்லை, முட்டை இல்லை. பார்மசான் சீஸின் சாறே இழையாக நின்றது. சாப்பிட வந்தவர் ஒரு முனையை உதட்டில் வைத்து உறிஞ்ச வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் ஊர் ஊராகச் சமையல்காரர்கள் சிரிஞ்சும் பிளாஸ்டிக் குழாயும் வாங்கிவந்து அடுப்படியில் வைத்துக்கொண்டதற்கு இந்த மாதிரித் தட்டுகளே காரணம்.

எதிர்காலத்தின் சமையல் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அதில் ஒரு சின்ன வழக்கு உண்டு. அந்தச் சாற்றை இழையாக நிறுத்தியது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு அகர் அகர். நம் மளிகைக் கடைகளில் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் விற்கிற அதே சரக்கு. அது நூடுல்ஸானது எல் புல்லியில் முதல்முறை அல்ல. மனிதர் கையில் அது எடுத்த பழைய உருவங்களில் ஒன்றே நூடுல்ஸ்தான். நடுவில் உறைந்து, காய்ந்து, கப்பலேறி, காசநோய்க் கிருமிக்குப் படுக்கையாகி, போர்க்காலத்தில் ரேஷன் சரக்காகி, பொடியாகி, சுற்றிக்கொண்டு வந்து மறுபடி நூடுல்ஸில் நின்றது. இடையில் அது சந்தித்தவர்கள் ஒவ்வொருவரும் அதற்கு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஜப்பானின் இசு தீபகற்பத்தைச் சுற்றிக் கடலடிப் பாறைகளில் தெங்குசா என்ற பாசி வளர்கிறது. கருஞ்சிவப்பு நிறம், மெல்லிய கிளைகள், உயரம் ஒரு சாண் அளவுதான். மூச்சை அடக்கி முங்குகிற அமா பெண்கள் காலங்காலமாக அதைப் பறித்து வருகிறார்கள். கரையில் நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் விரிப்பது, மறுபடி அலசி மறுபடி விரிப்பது. இப்படிப் பல தடவை செய்தால் சிவப்பு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். பிறகு கொஞ்சம் வினிகர் விட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைக்க வேண்டும். பாசியின் செல் சுவருக்குள் இருக்கும் பசை அப்போதுதான் நீரில் இறங்கும். துணியில் வடித்து ஆறவிட்டால் போதும், இறுகிவிடும். பனிக்கட்டி தேவையில்லை, சாதாரண அறையின் வெப்பத்திலேயே கட்டியாகும்.

இதற்குப் பெயர் டோகோரோட்டென். நாரா நகரம் தலைநகராக இருந்த 8-ஆம் நூற்றாண்டிலேயே சந்தையில் விற்றிருக்கிறார்கள். எடோ காலத்தில், அதாவது இன்றைய டோக்கியோ எடோ என்று அழைக்கப்பட்ட நாட்களில், கோடை வந்துவிட்டால் தோளில் காவடி சுமந்த வியாபாரிகள் தெருத் தெருவாக இதை விற்றுக்கொண்டு போவார்கள். அவர்களிடம் ஒரு கருவி இருந்தது. நீளமான மரப்பெட்டி, ஒரு முனையில் மெல்லிய கம்பிகளாலோ தகடுகளாலோ கட்டம் போட்டிருக்கும். இறுகிய கட்டியைப் பெட்டியில் வைத்து மறுமுனையிலிருந்து மரக்கட்டையால் ஒரு தள்ளு. கிண்ணம் நிறையச் சதுரச் சதுரமான இழைகள் வழுக்கிக்கொண்டு விழும்.

பார்த்ததும் நமக்கு இடியாப்ப உரல்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேலை வேறு. இடியாப்ப மாவு நெகிழ்ந்து கொடுக்கும். அச்சில் துளைக்கும் துளைக்கும் நடுவே தகடு இருந்தாலும் வளைந்து நெளிந்து துளைவழி இறங்கிவிடும். அகர் கட்டிக்கு அந்த வளைவு கிடையாது. நெருக்கினால் நொறுங்கும். அதனால்தான் துளைத் தகட்டை விட்டுவிட்டு, தள்ளும்போதே வெட்டிக்கொண்டு போகும் கட்டத்தை வைத்தார்கள். பொருளின் குணத்தைத் தெரிந்துகொண்டு செய்த கருவி. அதை இன்றைக்கும் மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

சுவை? கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. லேசான கடல் வாசனை, அவ்வளவுதான். டோக்கியோ பக்கத்தில் சோயாவும் வினிகரும் விட்டு, கடுகு விழுது வைத்துச் சாப்பிடுவார்கள். கியோட்டோ, ஒசாக்கா பக்கத்தில் கருப்புச் சர்க்கரைப் பாகு. புழுக்கமான மதியத்தில் தொண்டையில் குளிர்ச்சியாக இறங்குவதே இதன் பயன். சுவை முழுக்கக் குழம்பில் இருந்தது. இழை வெறும் வாகனம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அட்ரியா கைவைத்தது சரியாக இந்த இடத்தில்தான்.

உறைந்த கதைக்கு வருவோம். கியோட்டோவை ஒட்டிய ஃபுஷிமியில் மினோயா டாரோசாஎமோன் என்றொரு விடுதிக்காரர். சத்சுமா நாட்டுப் பிரபு பயணத்தில் அங்கே தங்கினாராம். விருந்தில் டோகோரோட்டென் பரிமாறினார்களாம். மிஞ்சியதை வெளியே கொட்டினார்களாம். குளிர்காலம். இரவில் உறைந்தது, பகலில் உருகியது, மறுபடி உறைந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால் வெள்ளையாக, உலர்ந்து, எடையே இல்லாமல் ஏதோ கிடந்தது. அதை எடுத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்தபோது பழையபடி இறுகியது. முன்னைவிடத் தெளிவாகவும், கடல் வாசனை இல்லாமலும். 1658-ஐ ஒட்டி நடந்ததாகச் சொல்வார்கள். பிரபுவும் விருந்தும் எந்த அளவுக்கு உண்மையோ, பனியும் வெயிலும் செய்த வேலை முழுக்க உண்மை.

அந்த வேலை இதுதான். அகர் கட்டியின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். உறையும்போது தண்ணீர் பனிப்படிகமாகி, பசையின் நுண்ணிய வலையை ஓரத்துக்கு நெருக்கித் தள்ளுகிறது. நெருக்கப்பட்ட வலை பிறகு விரிவதில்லை. பனி உருகும்போது நீர் வடிந்துவிடும்; உப்பு, நிறம், வாசனை என்று அதில் கரைந்திருந்த எல்லாமும் கூடவே போய்விடும். வலை மட்டும் தங்கும். ஒரு ரசாயனமும் சேர்க்காமல், குளிர்காலத்தையே கருவியாக வைத்துச் செய்த சுத்திகரிப்பு. இதைக் கன்டென் என்று அழைத்தார்கள்.

தொழில் அங்கிருந்து மலைநாட்டுக்கு ஏறியது. 19-ஆம் நூற்றாண்டில் கோபயாஷி குமேஸாஎமோன் என்ற வியாபாரி இந்த முறையைத் தன் ஊரான நாகானோவின் சினோ பகுதிக்குக் கொண்டுபோனார். கடலுக்கும் சினோவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அங்கே இரவில் கடுங்குளிர், பகலில் நல்ல வெயில், பனிப்பொழிவு குறைவு. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் வெட்டிய கட்டிகளை வரிசையாக அடுக்குவார்கள். இரண்டு வாரம் உறைந்தும் உருகியும் காய்ந்தால் பஞ்சு மாதிரிக் கட்டை. விவசாயத்துக்கு வேலை இல்லாத மாதங்களில் விவசாயிகளுக்கு இதில் வேலை. இன்றும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்த வயல்களில் இது நடக்கிறது.

காய்ந்த கன்டென் வருடக்கணக்கில் கெடாது, எடையும் இல்லை. அதனால் அது ஊர்சுற்றத் தொடங்கியது. ஜப்பான் கதவை மூடிக்கொண்டிருந்த காலத்திலும் நாகசாகித் துறைமுகம் வழியாகச் சீனாவுக்குப் போனது. தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் அவர்கள் கடலிலேயே இந்த வகைப் பாசிகள் உண்டு. மலாய் மொழி அவற்றுக்கு வைத்திருந்த பெயர்தான் அகர் அகர். தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்த ஜெல்லி அங்கே வீட்டுப் பலகாரம். இலங்கையில் புத்தளம், திருகோணமலைக் கடல்களிலிருந்து எடுத்த பாசி ‘சிலோன் மாஸ்’ என்ற பெயரில் ஐரோப்பிய மருந்துக்கடைகள்வரை போயிருக்கிறது. நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கடல்பாசி காய்ச்சித் தட்டில் ஊற்றி வைப்பதும் இந்தப் பெரிய கடல்வழிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பாலில் ஒரு தட்டு, ரோஸ் சர்பத்தில் ஒரு தட்டு, இளநீரில் ஒரு தட்டு. வெயில் எவ்வளவு அடித்தாலும் உருகாது.

உருகாது என்ற அந்த ஒரு குணம்தான் அதைச் சமையலறையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனது.

1881-இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் காற்றில் மிதக்கும் கிருமிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமிகளைத் தனித்தனிப் புள்ளியாக வளர்க்கக் கெட்டியான ஒரு பரப்பு வேண்டும். கோக்கின் ஆய்வகத்தில் அதற்கு மாட்டெலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். இரண்டு தொல்லை. மனித உடலின் வெப்பத்தில் வளர்க்கலாம் என்று சூட்டுப்பெட்டியில் வைத்தால் ஜெலட்டின் உருகிவிடும். அதோடு ஜெலட்டின் புரதம் என்பதால் சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். கோடையில் ஹெஸ்ஸேயின் வேலை பாழானது.

அவருடைய மனைவி ஃபேனி ஆஞ்செலினா ஹெஸ்ஸே. பிறந்தது நியூயார்க்கில், 1850-இல். கணவருக்கு ஆய்வக உதவியாளராகவும் படம் வரைபவராகவும் சம்பளமில்லாமல் வேலை செய்தவர். உங்கள் ஜெல்லி மட்டும் எப்படிக் கோடையிலும் நிற்கிறது என்று கணவர் கேட்க, அகர் அகர் என்றார். நியூயார்க்கில் அவர்களுக்குப் பழக்கமான ஒரு டச்சுக் குடும்பம் முன்பு ஜாவாவில் இருந்தது, அவர்களிடம் கற்றது. ஜாவாவின் அடுப்படி அறிவு நியூயார்க் வழியாக பெர்லின் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அகரைச் செரிக்கத் தெரியாது. ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரி செல்சியஸை நெருங்காமல் உருகாது. 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து கோக் வெளியிட்ட கட்டுரையில் அகர் ஒரு வரியில் வந்துபோகிறது. ஹெஸ்ஸே தம்பதியின் பெயர் வரவில்லை. 1887-இல் யூலியுஸ் ரிச்சர்ட் பெட்ரி மூடியுள்ள தட்டையான கண்ணாடித் தட்டை அறிமுகப்படுத்தினார். அது அவர் பெயரிலேயே நிலைத்தது. உலகில் எந்த ஊர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்திலும் அந்தத் தட்டு இருக்கிறது. தட்டுக்குப் பெயர் கிடைத்தது, தட்டில் இருப்பதைச் சொல்லிக்கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. ஃபேனி 1934-இல் இறந்தார்.

உருகும் வெப்பம் வேறு, இறுகும் வெப்பம் வேறு என்ற இந்த விசித்திரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நூடுல்ஸின் ரகசியம் முழுக்க அதில்தான். அகரின் முக்கியப் பகுதி அகரோஸ். சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. கொதிநீரில் சங்கிலிகள் தனித்தனியே நெளிந்து திரியும். ஆற ஆற, 40 டிகிரிக்குக் கீழே வந்ததும், இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளும். முறுக்குகள் பிறகு கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு வலையாகும். தண்ணீர் அதற்குள் மாட்டிக்கொள்ளும். கற்றையாகக் கட்டுண்டதைப் பிரிக்க, கட்டியபோது இருந்த வெப்பம் போதாது. அதைவிட 45 டிகிரிக்கு மேல் அதிகமாக வேண்டும். இவ்வளவு அகலமான இடைவெளி ஜெலட்டினுக்குக் கிடையாது. அதனால்தான் ஜெலட்டின் வாயில் கரைகிறது, அகர் வாயில் உடைகிறது. சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அகர் பிடிக்காமல் போவதும் இதனால்தான். அது நியாயமான புகார் என்றே நினைக்கிறேன்.

ஆய்வுக்கூடங்கள் அகரைப் பிடித்துக்கொண்ட பிறகு அது வெறும் பலகாரச் சரக்காக இருக்க முடியவில்லை. தடுப்பூசி, நோய்ப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் வேண்டும். உலகத்துக்குச் சப்ளை செய்துகொண்டிருந்ததோ பெரும்பாலும் ஜப்பான். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் அந்த வாசல் மூடியது. அமெரிக்கா தன்னிடம் இருந்த அகரைக் கிருமியியல் வேலைகளுக்கென்று ஒதுக்கிக் கட்டுப்பாடு போட்டது. பிரிட்டன் தன் கரையோரப் பாசிகளைத் துழாவியது. நியூசிலாந்தில் தாவரவியலாளர் லூசி மூர் டெரோகிளாடியா என்ற பாசி எங்கெங்கே விளைகிறது என்று கரையோரமாகத் தேடிக் குறித்தார். மாவோரி குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதைச் சேகரித்துக் கொடுத்தார்கள். 1943-இல் அங்கேயே தொழிற்சாலை ஓடியது. இந்தியாவிலும் போர்க்காலத் தட்டுப்பாட்டில்தான் நம் கடற்பாசிகளிலிருந்து அகர் எடுக்கும் முயற்சி சூடுபிடித்தது.

இதில் ஒரு கிளைக்கதை. பல் மருத்துவர்கள் பல்லின் அச்செடுக்க அதுவரை அகர் பயன்படுத்தினார்கள். அது கிடைக்காமல் போகவே பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட்டுக்கு மாறினார்கள். இன்றும் வாயில் திணிக்கிற அந்தக் களி ஆல்ஜினேட்தான். அதே போர்க்காலத்தில், 1942-இல், பிரிட்டனில் வில்லியம் பெஷார்ட் என்பவர் ஆல்ஜினேட்டைக் கால்சியம் கரைசலில் விட்டுச் செயற்கைச் செர்ரிப்பழம் செய்யும் காப்புரிமைக்கு மனுப் போட்டார். 2003-இல் எல் புல்லியில் முலாம்பழச் சாற்றை மீன்முட்டை போலக் குண்டுமணிகளாக்கி அனுப்பியபோது அதன் அடியில் இருந்த வேதியியல் இதுவே. புதுமைகளில் பாதி, யாரோ பஞ்சத்தில் கண்டுபிடித்துப் பெட்டியில் போட்டு மறந்தவை.

போருக்குப் பின் அகர் எடுக்க வயலும் பனியும் தேவைப்படவில்லை. இயந்திரக் குளிரில் உறையவைத்தார்கள், அல்லது அழுத்தியே நீரைப் பிழிந்தார்கள். முன்பெல்லாம் மென்மையாக மட்டுமே இறுகிய கிராசிலேரியா வகைப் பாசியைக் காரத்தில் வேகவைத்தால் உறுதியாக இறுகும் அகர் கிடைக்கிறது என்பதும் தெரியவந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, சிலி என்று கரைகள் பெருகின. விளைச்சலின் கடைசி உருவம் பொடி. கட்டையிலோ இழையிலோ ஒரு பிடி என்பது ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். பொடியை மில்லிகிராம் சுத்தமாக நிறுக்கலாம். நவீனச் சமையல்காரர்களுக்கு வேண்டியிருந்தது மாயப்பொருள் அல்ல, நிறுக்கக்கூடிய பொருள். இரண்டு மீட்டர் இழை அறுந்துபோகாமல் வரவேண்டும் என்றால் குத்துமதிப்பு உதவாது.

சமையலறையில் நடப்பதை ஆய்வகத்தைப் போலக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் நிக்கலஸ் குர்ட்டி 1969-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சமையலறையில் இயற்பியலாளர் என்ற தலைப்பில் பேசினார். 1988-இல் அவரும் பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே திஸ்ஸும் சேர்ந்து இதற்கு மூலக்கூறுச் சமையலியல் என்ற பெயரைக் கொடுத்தார்கள். 1992-இல் சிசிலியின் எரிச்சே ஊரில் முதல் கூட்டம். அட்ரியாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. தான் செய்வது சமையல், ஆய்வு அல்ல என்பது அவர் கட்சி. நானும் அவர் பக்கம்தான். உப்புப் போட்டு ஊறுகாய் வைப்பதில் இல்லாத மூலக்கூறா இதில் இருக்கிறது?

1998 வாக்கில் எல் புல்லி சூடான ஜெல்லியைப் பரிமாறத் தொடங்கியது. ஐரோப்பியச் சமையலுக்கு இது தலைகீழ். அங்கே ஜெல்லி என்றால் ஜெலட்டின், ஜெலட்டின் என்றால் குளிர்ச்சி; சூடுபட்டால் குழைந்து ஓடும். அகரோ 80 டிகிரி வரை நிற்கும். ஃபேனி ஹெஸ்ஸேயின் புட்டிங் கோடையில் நின்ற அதே காரணத்தால் ஆவி பறக்கும் தட்டில் ஜெல்லி நின்றது. பிறகு சூப்பைத் தகடாக இறுகவைத்துக் கத்தியால் நாடா நாடாக நறுக்கி, அதன்மேல் கார்பனாரா சாஸ். அடுத்து குழாய்.

குழாய் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். 200 மில்லி சாற்றுக்கு இரண்டு முதல் மூன்று கிராம் அகர் பொடி. சாறு குளிர்ந்திருக்கும்போதே பொடியைத் தூவிக் கலக்க வேண்டும். சூட்டில் கொட்டினால் கட்டிதட்டும். நன்றாகக் கொதி வந்து இரண்டு நிமிடமாவது கொதிக்க வேண்டும். சிரிஞ்சில் இழுத்து, நாலைந்து மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிக்கோன் குழாயில் நிரப்பி, ஐஸ் தண்ணீரில் மூன்று நிமிடம் மூழ்கவைக்க வேண்டும். பிறகு காற்று நிரம்பிய சிரிஞ்சைக் குழாய் முனையில் மாட்டி மெதுவாக அழுத்தினால், மறுமுனையில் இழை தலைகாட்டும். அவசரப்பட்டு அழுத்தினால் சுவருக்குத்தான் அபிஷேகம். ஒரு குழாய்க்கு ஓர் இழை. ஒரு தட்டு நிரம்ப அரைமணி ஆகும். மரப்பெட்டியில் ஒரே தள்ளில் கிண்ணம் நிறைத்த எடோ வியாபாரி இதைப் பார்த்திருந்தால் கடையைக் கட்டிக்கொண்டு போயிருக்க மாட்டார்.

ஆனாலும் அட்ரியா கூட்டிய ஒன்று உண்டு, அது சின்னதல்ல. டோகோரோட்டெனில் இழைக்குச் சுவை இல்லை, குழம்புக்கு இருந்தது. இங்கே குழம்பே இழை. கீரைச் சாறு, தக்காளி நீர், மாட்டெலும்பு சூப், காப்பி என்று எதுவும் தன் சுவையைத் தானே சுமந்துகொண்டு வரலாம். வாகனத்தையே பயணியாக்கினார்.

எல்லாச் சாறும் ஒத்துழைக்காது. புளி, எலுமிச்சை மாதிரிப் புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் அகர் சங்கிலிகள் துண்டுபடும், இழை பொலபொலவென்று உதிரும். ரசத்தை நூடுல்ஸாக்க ஆசைப்பட்டால் புளித் தண்ணீரைத் தனியே வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு, அகரை மற்ற பாதி நீரில் கொதிக்கவைத்துக் கடைசியில் சேர்ப்பதே வழி. புளித் தண்ணீர் சில்லென்று இருந்தால் கலக்கும்போதே திப்பித் திப்பியாக உறைந்துவிடும். பச்சை அன்னாசியும் பப்பாளியும் ஜெலட்டினைக் கரைத்துவிடும், அகரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அவற்றின் நொதி புரதத்தைத்தான் வெட்டும், அகர் புரதம் இல்லை. பெர்லினில் கிருமிகள் தோற்ற அதே இடம். அகரின் நொறுங்கும் குணத்தைத் தணிக்கச் சமையல்காரர்கள் காரப் மரத்து விதைப் பசையைச் சிட்டிகையளவு சேர்க்கிறார்கள். இழை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். செய்து வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் தட்டில் தண்ணீர் கோத்திருக்கும். வலை தானாகவே இறுகி நீரை வெளியே தள்ளுவது அது. எனவே அன்றன்றைக்குச் செய்வதே நல்லது.

இழை கண்ணாடிபோல இருக்க வேண்டுமானால் முதலில் சாறு தெளிந்திருக்க வேண்டும். அதற்கும் அகர்தான். கலங்கலான சூப்பில் மிகக் குறைவாக அகர் சேர்த்து இறுகவைத்து, உறையவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு உருகவிடுகிறார்கள். சுவையும் நிறமும் கரைந்த நீர் சொட்டுச் சொட்டாகத் தெளிந்து இறங்கும். கசடு வலையில் தங்கிவிடும். ஃபுஷிமியில் நடந்ததன் நேர்மாறு. அங்கே நீரை விட்டுவிட்டு வலையை எடுத்துக்கொண்டார்கள். இங்கே வலையை எறிந்துவிட்டு நீரை எடுத்துக்கொள்கிறார்கள்.

மாவில்லா இழைகளுக்கு அகர் மட்டுமே வழி என்றும் இல்லை. நியூயார்க்கில் வைலி டுஃப்ரேன் இறால் சதையை, புரதங்களை ஒட்டவைக்கும் ஒரு நொதியால் பிணைத்து நூடுல்ஸ் பிழிந்தார். மெத்தில்செல்லுலோஸ் சேர்த்த கலவையோ சூட்டில் இறுகி, ஆறினால் இளகும். கொதிக்கும் சூப்பில் பிழிந்தால் அங்கேயே இழையாகும். அவற்றுக்கெல்லாம் தனிக் கதைகள் உண்டு. கடலிலிருந்து வருவது நம் கதை.

2015-இல் அந்தக் கடல் முகம் சுளித்தது. ஆய்வகத் தரத்துக்கு உகந்த ஜெலிடியம் பாசியை அதிகம் தரும் மொராக்கோ, பாசி அழிந்துவிடும் என்று அஞ்சி அறுவடையை ஆண்டுக்கு 6,000 டன்னாகவும், வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1,200 டன்னாகவும் குறைத்தது. அகர் விலை எகிறியது. ஆய்வகப் பொருள் விற்பவர்கள் சில சரக்குகளை நிறுத்தியே வைத்தார்கள். நட்சத்திர உணவகத்தின் தட்டும் மாவட்ட ஆஸ்பத்திரியின் பெட்ரி தட்டும் ஒரே பாறையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பது அப்போது பலருக்கு உறைத்தது.

அந்தப் பாறைகளில் சில நம்முடையவை. மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம், ராமநாதபுரம் கரையோரக் கிராமங்களிலிருந்து பெண்கள் பாசி எடுக்கப் போகிறார்கள். கஞ்சிப்பாசி என்பது கிராசிலேரியா. அதிலிருந்து சாப்பாட்டுத் தர அகர் வருகிறது. மரிக்கொழுந்து பாசி என்று அவர்கள் சொல்வது ஜெலிடியெல்லா. உறுதியாக இறுகும், ஆய்வகத் தரத்துக்கு அதுதான் வேண்டும், விலையும் கூட. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் கட்டிய வலைப்பையோடு முங்குவார்கள். இசுவின் அமா பெண்களைப் போல இவர்களுக்கு அஞ்சலட்டைப் படமெல்லாம் கிடையாது. பறித்தது உலர்ந்து, வியாபாரி கைமாறி, மதுரை வட்டார அகர் ஆலைகளுக்குப் போகிறது.

1986-இல் இங்குள்ள 21 தீவுகளையும் சுற்றுக்கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலிருந்து இவர்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி. தீவருகே போனால் தடை, போகாவிட்டால் அடுப்பு எரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாள் அளவில் மட்டும் பறிப்பது, பாசி மறுபடி வளர அடிக்கட்டையை விட்டுவைப்பது என்று அவர்கள் தங்களுக்குள்ளேயே ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். இந்த முயற்சியில் முன்நின்ற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், மொராக்கோ கதவை ஒருக்களித்த அதே ஆண்டில், சீகாலஜி விருது கிடைத்தது.

மாற்றாக 2000-ஐ ஒட்டி மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் வெளிநாட்டுப் பாசி ஒன்று வந்தது, கப்பாஃபைக்கஸ். கொண்டுவந்த குளிர்பான நிறுவனத்தின் பெயரைச் சேர்த்துப் பெப்சி பாசி என்றே ஊரில் சொல்கிறார்கள். வேகமாக வளரும், கைக்குப் பணம் வரும். ஆனால் அது பவளப்பாறைகளில் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நம் கதைக்கு வேண்டிய செய்தி இன்னொன்று: அதில் கிடைப்பது கேராஜீனன், அகர் அல்ல. மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் பல பத்தாண்டுகளாக அகர் பாசிகளையும் வளர்த்துப் பார்க்கிறது. கஞ்சிப்பாசி கயிற்றில் ஓரளவு வளர்கிறது. மரிக்கொழுந்துக்குப் பவளக்கல், கான்கிரீட் கட்டை எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். அது மெதுவாகத்தான் வளரும், எனவே வியாபார அளவுக்கு இன்னும் கடலடிப் பாறையிலிருந்து கையால்தான் வருகிறது.